மடித்துக் கட்டும் உரிமை

தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு செட்டிநாட்டு வீடு. முற்றத்தில் காலை வெயில். கார்க் கதவு திறக்கிறது. முதலில் தெரிவது தோல் செருப்பு. அடுத்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஜரிகைக் கரை. காமிரா மெல்ல மேலேறி முழுக்கைச் சட்டை, தங்கக் கடிகாரம், முறுக்கிய மீசை என்று வந்து நிற்கிறது. அவர் நடக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஒரு முதியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவருகிறாள். அவளுக்கு வசனம் கிடையாது. கம்பீரம், பாரம்பரியம், மரியாதை என்று மூன்று சொற்களை ஒரு கனத்த குரல் சொல்கிறது. பிறகு, விலை சொல்லப்படாத ஒரு பட்டு வேட்டி.

இந்த நிறுவனத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. பொங்கல், தீபாவளி, முகூர்த்த மாதங்களில் தொலைக்காட்சியிலும் நெடுஞ்சாலைப் பதாகைகளிலும் வந்துபோகும் பத்துப் பதினைந்து ஆண்கள் உடை விளம்பரங்களை ஒன்றாகப் பிசைந்து நான் செய்த கற்பனை பிராண்ட் இது. ஆனால் படித்ததும் உங்கள் மனதில் ஏதோ ஒரு நிஜ விளம்பரம் ஓடியிருக்கும். திருப்பூரிலிருந்து வரும் ஒரு வெள்ளைச் சட்டையின் பெயரிலேயே மினிஸ்டர் இருக்கிறார். இன்னொரு நிறுவனம் சல்யூட் என்ற சொல்லையே தன் முழக்கமாக்கிக்கொண்டது. விற்கப்படுவது துணி மட்டுமல்ல, அடுத்தவன் எழுந்து நிற்பதும்தான் என்பதை மறைக்கக்கூட அவர்கள் முயல்வதில்லை.

ஆண்கள் உடை விற்பவர்கள் எல்லோருமே ஒரு ஆணைச் செய்துதான் விற்கிறார்கள். 1990களில் ரேமண்ட் நிறுவனம் 'தி கம்ப்ளீட் மேன்' என்று ஒருவனைக் கொண்டுவந்தது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவான், பழைய ஆசிரியரைப் பார்த்தால் நெகிழ்வான். நகரத்து மேட்டுக்குடியின் மென்மையான ஆண். அவனுக்கும் சாதி உண்டு, வெளியே தெரியாத அளவுக்கு அது வசதியானது. நம்மூர் பட்டு வேட்டிக்காரர் அந்த வழியில் போகவில்லை. அவர் தன் ஆளை வேறு ஒரு கிடங்கிலிருந்து எடுத்தார். 1992இல் தேவர் மகனும் சின்னக் கவுண்டரும் வந்தன, 1993இல் எஜமான், 1994இல் நாட்டாமை. தாராளமயம் நாட்டுக்குள் நுழைந்த அதே ஆண்டுகளில் தமிழ்த் திரை வெள்ளை வேட்டி கட்டிய ஊர்ப் பெரியவரை ஆலமரத்தடியில் உட்கார வைத்துக் கொண்டாடியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நிலத்தின் மீதான பிடி தளர்ந்து, பண்ணையாள் டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. வயலில் இழந்ததைத் திரையில் மீட்டார்கள். இப்போது அதே ஆளை ஷோரூமில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

'வேட்டி எல்லோருக்கும் பொதுவான உடைதானே, இதில் ஏன் சாதியைத் தேடுகிறீர்கள்?' என்று கேட்பார்கள். என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். உழுகிறவர், சுமை தூக்குகிறவர், மீன் பிடிக்கிறவர், தறி ஓட்டுகிறவர் எல்லோரும் கட்டும் துணிதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேட்டி வெறும் துணியாக மட்டும் நம் ஊர்களில் புழங்கியதில்லை. அதற்கு ஒரு உயரம் இருந்தது. முழங்காலுக்கு மேல் ஏற்றி மடித்துக் கட்டுவதும், கணுக்கால் வரை இறக்கி விடுவதும் இரண்டு தனித்தனிச் சைகைகள். பெரியவர் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கி விடவேண்டும் என்பதை 'மரியாதை' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'பெரியவர்' என்ற சொல்லுக்கு வயது அளவுகோல் அல்ல என்பதை மட்டும் சொல்லித் தரவில்லை. எழுபது வயதுத் தலித் கிழவர், பன்னிரண்டு வயது ஆண்டை வீட்டுப் பையன் முன்னால் வேட்டியை இறக்கிய ஊர்கள் இவை. இன்னும் சில இடங்களில் இறக்கிவிட்டு நடக்கவே கூடாது. முழங்காலைத் தாண்டித் துணி தொங்குவதே திமிர். ஆக, எந்த உயரத்தில் கட்டுவது என்பதைக் கட்டுகிறவன் முடிவு செய்ததில்லை, எதிரே நிற்கிறவன்தான் முடிவு செய்தான். சண்டைக்கு முன்னால் சினிமா நாயகன் வேட்டியை மடித்துக் கட்டும்போது தியேட்டர் ஏன் விசிலடிக்கிறது என்பதற்கு இதில்தான் விடை இருக்கிறது. யாரைப் பார்த்தும் இறக்கி விடத் தேவையில்லாதவன் அவன். அதைத்தான் நம் மொழியில் ஆண்மை என்கிறார்கள்.

இந்த உயரக் கணக்கு வாய்மொழி வழக்கம் மட்டும் அல்ல, ஆவணத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியமும் கால்நடைகளும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டே எட்டு பதினொன்றாக வளர்ந்தது.

மேலே நான் வர்ணித்த விளம்பரத்தை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணுக்கால் வரை இறங்கும் துணி, சட்டை, செருப்பு, தங்கம், தலைமுடி. விளம்பரத்தின் காமிரா கீழிருந்து மேலே ஏறி எந்தெந்த இடத்திலெல்லாம் நிற்கிறதோ, அந்தந்த இடத்தில்தான் 1930இன் தடையும் நிற்கிறது. பாரம்பரியம் என்று அவர்கள் சொல்வது பொய் அல்ல. நிஜமாகவே பாரம்பரியம்தான்!

அதே 1930 டிசம்பரில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்: ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இராமநாதபுரத்தில் தலித் ஆண் கோட்டுப் போடக் கூடாது என்று உத்தரவு போட்ட மாதத்தில், இரண்டு தலித் ஆண்கள் கோட்டணிந்து பேரரசின் மேசையில் வாக்குரிமை பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்பேத்கரின் கோட்டைப் பற்றி இன்றைக்கும் உதட்டைச் சுழிப்பவர்கள் இருக்கிறார்கள். 'காந்தி மக்களைப் போல உடுத்தினார், இவர் வெள்ளைக்காரனைப் போல உடுத்தினார்' என்பார்கள். உடுத்தியதைக் களைவதற்கு முதலில் உடுத்தும் உரிமை வேண்டும். கபாலி படத்தில் பா. ரஞ்சித் இந்த வேறுபாட்டை ரஜினியின் வாயால் பேச வைத்தபோது நம் தெருக்களில் எழுந்த கைதட்டல் ரஜினிக்கு மட்டுமானது அல்ல.

துண்டுக்கும் இதே கதை. நாகஸ்வரக் கலைஞர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்கவேண்டும் என்று இருந்தது. செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் சிவக்கொழுந்து என்ற கலைஞரைத் துண்டை எடுக்கச் சொன்னபோது, 'எடுக்காதே, வாசி' என்று குறுக்கே நின்றவர் சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி. வியர்வை துடைக்கும் ஒரு முழத் துணிக்காக ஒரு இயக்கம் நடுத்தெருவில் மல்லுக்கு நின்றது. அந்த இயக்கம் பிறகு தனக்கென்று தேர்ந்துகொண்ட நிறம் கறுப்பு. 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தலைக் கொளுத்தினார்கள்; 1948இல் கருஞ்சட்டைப் படையையே அரசு தடை செய்தது. ஒரு சட்டையின் நிறம் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையான நாடு இது. அந்த இயக்கத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இன்று மொட மொடவென்று கஞ்சி போட்ட வெள்ளையில்தான் மேடையேறுகிறார்கள். அதைத் தனியாக எழுதவேண்டும்.

என் அப்பா அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வெளியே போகும்போது பேண்ட்தான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொள்வார். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்குக்கூட. வேட்டி வீட்டுக்குள் மட்டும். சொந்தக் கல்யாணத்துக்காவது கட்டுங்களேன் என்று அம்மா கேட்டால், 'பேண்டை யாரைப் பார்த்தும் இறக்கி விட முடியாது' என்பார். நகைச்சுவையாகத்தான் சொல்வார். நாங்களும் சிரிப்போம். முதல் தலைமுறையாக அரசு வேலைக்குப் போன நம் அப்பாக்கள் பலர் ஏன் பேண்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். சைகை இல்லாத உடை அது. யார் எதிரே வந்தாலும் அதே நீளம்.

பேண்ட் சட்டை ஜீன்ஸ் டி-ஷர்ட்டாக மாறியதும் மறுபடியும் பிரச்சினை தொடங்கியது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் கொளுத்தப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். அடுத்த சில வாரங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராகப் போனது. நானூறு ரூபாய் ஜீன்ஸ் ஒரு சாதியின் கற்பைக் கவர்ந்துவிடும் ஆயுதமானது. 1930க்கும் 2012க்கும் நடுவில் எண்பத்திரண்டு ஆண்டுகள். பனியன் போய் டி-ஷர்ட் வந்திருந்தது, குடை போய் கூலிங் கிளாஸ் வந்திருந்தது.

இது தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. 2017இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். நாடெங்கும் தலித் இளைஞர்கள் மீசையோடு படம் எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார்கள். 2023இல் அதே மாநிலத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கூலிங் கிளாஸும் அணிந்ததற்காக ஒருவரை அடித்தார்கள். ராஜஸ்தானில் தலித் மணமகன் குதிரையேறி ஊர்வலம் போவதற்காக, 2022இல் பூந்தி மாவட்டக் காவல்துறை 'ஆபரேஷன் சமானதா' என்று ஒரு திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. வடக்கே ஆண்களின் ஆடம்பரத் திருமண உடை விற்கிறவர்கள் எல்லோருக்கும் அரண்மனை, தலைப்பாகை, வாள், வெள்ளைக் குதிரைதான் மூலதனம். 'ஒரு நாள் ராஜா' என்று விற்கிறார்கள். காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். வாங்கியதைப் போட்டுக்கொண்டு தெருவில் போகப் போலீஸ் வேண்டும்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, கல்லூரி விழாவுக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு சங்கரும் கௌசல்யாவும் கடையிலிருந்து வெளியே வந்தார்கள். சங்கர் பொறியியல் மாணவர். எட்டு மாதங்களுக்கு முன் திருமணமானவர். சாலையைக் கடக்கும்போது வெட்டினார்கள். அந்தக் கண்காணிப்பு காமிராக் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பையில் இருந்த சட்டையைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உடுமலை இருப்பது திருப்பூர் மாவட்டத்தில். உலகத்துக்கே பனியன் தைக்கும் மாவட்டம்.

வேட்டிக்கு ஒரு சட்டம் வந்த கதையையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில், நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. காலனியப் புத்தி என்று தமிழகமே கொதித்தது, சரியாகவே கொதித்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமம் ரத்து. எனக்கு அந்தச் சட்டத்தின் மீது கோபமில்லை. அதன் வேகத்தின் மீதுதான் பொறாமை. சாதி ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் இயக்கங்கள் தெருவில் நின்ற பிறகு, 2025 அக்டோபரில்தான் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஒரு ஆணையம் அறிவிக்கப்பட்டது. கிளப் வாசலில் வேட்டிக்கு நேர்ந்த அவமானம் எல்லாக் கட்சிக்கும் உடனே புரிந்தது. ஊர் வாசலில் சட்டைக்கு நேர்வது புரிய இத்தனை காலம்.

விளம்பரத்துக்குத் திரும்புவோம். அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது, அதுதான் அதன் முழுப் பொருளும். சேறு படாத, எண்ணெய் படாத, யாரையும் தொட்டுத் தூக்காத உடம்பின் உடை. அதை வெள்ளையாக வைத்திருக்க இன்னொரு உடம்பு வேலை செய்ய வேண்டும். உவர்மண்ணும் வெள்ளாவியுமாகத் துறையில் நின்ற வண்ணார் குடும்பம். தலித் மக்களுக்கு வண்ணாராக இருந்த, பகலில் வெளியே வரவே தடை இருந்த புதிரை வண்ணார். வீட்டில் கஞ்சி வடித்துத் தோய்த்து இஸ்திரி போடும் மனைவி. விளம்பரத்தில் மோர்ச் சொம்போடு வருகிறாளே, அவள் காலை நான்கு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று காமிரா காட்டுவதில்லை.

நூல் எங்கிருந்து வருகிறது? கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. பதினாறு பதினேழு வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். நடுவில் போனால் அந்தத் தொகை இல்லை. வந்தவர்களில் பெரும்பகுதி தலித், ஏழைக் குடும்பப் பெண்கள். பெயரைக் கவனியுங்கள், சுமங்கலி. ஒரு பெண்ணின் மூன்றாண்டு உழைப்பை வரதட்சணையாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு அதற்கு மங்கலமான பெயரும் வைத்தார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளியை அவருடைய மேற்பார்வையாளரே கொன்றார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் அந்த உற்பத்தி நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் என்ற பன்னாட்டு பிராண்டோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் வேலையிடத்தில் தடுக்கத் தொழிலாளிகளே கண்காணிப்பார்கள் என்பது அதன் சாரம். 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிற்சங்க வட்டாரத்தில் பேசப்படுகிறது. அந்தத் தொழிற்சாலை பட்டு வேட்டி தயாரிக்கவில்லை, உண்மைதான். ஆனால் தையல் வரிசையில் குனிந்து உட்கார்ந்த பெண்ணுக்கும் பின்னால் நின்று கத்தும் மேற்பார்வையாளருக்கும் இடையே உள்ள உறவு, முற்றத்தில் நடந்துவரும் ஆளுக்கும் எழுந்து நிற்பவர்களுக்கும் இடையே உள்ள உறவிலிருந்து வேறு அல்ல.

இதுவரை எழுதியதை நம் ஆட்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். இனி எழுதுவதைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும்.

2023இல் மாமன்னன் வந்தது. வடிவேலு நடித்த அந்தச் சட்டமன்ற உறுப்பினரிடம் வெள்ளை வேட்டி இருந்தது, வெள்ளைச் சட்டை இருந்தது, பதவி இருந்தது. உட்கார நாற்காலி மட்டும் இல்லை. உடையை வாங்கிவிடலாம், அது தரும் என்று விளம்பரம் சொல்கிற மரியாதையை வாங்க முடியாது என்பதை மாரி செல்வராஜ் ஒரே காட்சியில் வைத்துவிட்டார். ஆனால் படம் ஓடிடியில் வந்த சில நாட்களில் என்ன நடந்தது? வில்லன் ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, பாட்டுப் போட்டு, தங்கள் சாதித் தலைவனாக அவரைக் கொண்டாடினார்கள். நாயை அடித்துக் கொல்கிற, தோற்றுப்போகிற ஒரு பாத்திரம்! அந்த எடிட்டுகளைச் செய்தவர்களில் பலர் பள்ளி மாணவர்களாக இருந்திருப்பார்கள். அதே ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. பதினாறு வயதுப் பையனுக்குப் பட்டு வேட்டி வாங்கக் காசில்லை. பத்து ரூபாய்க் கயிறு போதும், அதே ராஜாவாகிவிடலாம்.

முகம் சுளிக்க வைக்கும் பகுதி இதுவல்ல. அந்த எடிட்டுகளுக்குப் பதிலாக நம் பையன்கள் போட்ட எடிட்டுகளைத்தான் சொல்கிறேன். நம் விழாக்களின் பேனர்களைச் சொல்கிறேன். கர்ஜிக்கும் சிங்கம், முறுக்கிய மீசை, அரிவாள் போல வளைந்த எழுத்து, 'நாங்களும் ஆண்டவர்கள்தான்' என்ற வாசகம், வரிசையாக இருபத்தைந்து ஆண்களின் வட்டப் படங்கள். இதற்கான நியாயம் எனக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக வேட்டியை இறக்கி விட்டவர்களின் பேரன் மடித்துக் கட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கும் மார்பு விம்மியிருக்கிறது. மீசை வைத்த குஜராத் இளைஞர்களின் படத்தை நானும் பகிர்ந்தேன். தடுத்ததைச் செய்து காட்டுவது போராட்டம்தான். ஆனால் செய்து காட்டிய பிறகு அங்கேயே குடியிருக்க முடியுமா? அந்த முற்றத்தில் நடந்துவரும் ஆளின் இடத்தில் நம் ஆள் ஒருவரை நிறுத்திவிட்டால், திண்ணையிலிருந்து எழுந்து நிற்கப்போவது யார்? மோர்ச் சொம்பை யார் தூக்கிக்கொண்டு வருவது?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1989இலேயே ப.சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலில் காத்தமுத்துவை எழுதினார். ஆதிக்க சாதிக்கு எதிராக ஊருக்காக நிற்கிற தலித் தலைவர். வீட்டுக்குள் மனைவிகளுக்கும் மகளுக்கும் அவரே பண்ணையார். அன்றைக்கு, நம் அழுக்கை வெளியே காட்டலாமா என்று சிவகாமியைக் கேட்டார்கள். அவருக்கும் முன்பே, 1920களின் இறுதியில், பெண் விடுதலைக்கு ஆண்மை அழியவேண்டும் என்று குடி அரசில் எழுதியவர் பெரியார். திருத்த வேண்டும், நல்ல ஆண்மையாக மாற்ற வேண்டும் என்றெல்லாம் அவர் இழுக்கவில்லை. அழிய வேண்டும் என்றுதான் எழுதினார். நம் மேடைகளில் பெரியாரின் எத்தனையோ வரிகள் பேனராகின்றன. இது மட்டும் ஆனதாக எனக்கு நினைவில்லை.

அம்பேத்கரின் கோட்டை மறுபடியும் பாருங்கள். அது ராஜா வேடம் அல்ல. வாள் இல்லை, தலைப்பாகை இல்லை, குதிரை இல்லை. சட்டைப் பையில் பேனா, கையில் புத்தகம். நூலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற ஆளின் வேலை உடுப்பு அது. யாரும் எழுந்து நிற்கத் தேவையில்லாத உடை. அதனால்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அந்தச் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ராஜா சிலைகளுக்குக் கூண்டு போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. மகாடில் 1927இல் பெண்களிடம் பேசியபோதும் அம்பேத்கர் உடையைப் பற்றிப் பேசினார்: சாதியை அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடுங்கள் என்றார். எவனையும் விட உயரமாகத் தெரிய அல்ல, எவனும் பார்த்தவுடன் தாழ்த்த முடியாமல் போக.

நல்ல உடை உடுத்துவதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. உடுத்துங்கள். ஜீன்ஸ் போடுங்கள், கூலிங் கிளாஸ் போடுங்கள், ஆசையிருந்தால் பட்டு வேட்டியும் கட்டுங்கள்; அந்தப் பட்டியலின் எட்டுத் தடைகளையும் ஒவ்வொரு நாளும் மீறுங்கள். மீசையும் உங்கள் விருப்பம். விளம்பரக்காரர் உடையோடு சேர்த்துத் தருகிற அந்த எழுந்து நிற்கும் கூட்டத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

வரும் ஏப்ரல் 14க்கு பேனர் அடிக்கப்போகும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை சிங்கத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், இந்த ஆண்டு உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன பெண்களின் பெயர்களைப் போடுங்கள். நூற்பாலைக்குப் போன பெண்களின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். இடம் பற்றவில்லையென்றால் அந்த இருபத்தைந்து வட்டங்களில் பத்தை எடுத்துவிடலாம். யாருடைய படத்தை எடுப்பது என்று சண்டை வரும். என் படம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.